வலப்பக்கம் மலை

அன்புள்ள அப்பாவுக்கு எழிலரசியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே டீ ஆற்றுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். டப்ளினில் மழைதான் ஜாஸ்தி.

லீவு நாளில் இருப்புக் கொள்வதில்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே, எல்லோரும் மறந்துபோன கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றிய வீடியோக்களைப் பார்க்கிறேன். அதில் ஒரு விளையாட்டைக் கண்டதும் குதிக்காத குறைதான். ஒரு மலை, அதைச் சுற்றி நடக்கும் ஒரு குட்டி ஆள், அவ்வளவே. உடனே இறக்கி ஆடினேன். எத்தனை சுற்று வந்தும் மலையின் கதவு திறக்கவில்லை.

அறையில் கூட இருக்கும் நர்ஸ் ஜீனா எட்டிப் பார்த்தாள். "எதுக்கு ஒரே பக்கமா சுத்துற? திரும்பி நடந்து பாரு."

"எங்க ஊர்ல மலைய அப்படி சுத்த மாட்டோம்க்கா."

சிரித்துவிட்டு அவளே பொத்தானை அழுத்தினாள். ஆள் திரும்பி நடந்தான், கதவு திறந்தது. எனக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

பௌர்ணமி கிரிவலத்துக்குக் கடையில் கூட்டம் இருக்கும், தெரியும். வீடியோ கால் போட்டு, போனை பாய்லர் பக்கத்தில் சாத்தி வையுங்கள். பேச வேண்டாம், நடப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. மலை என் வலப்பக்கம் வரும்படி வையுங்கள், அப்பா.

எழில்