சுவரளவுத் திரையில் பாப்பா

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

என் அறையிலிருக்கும் வெல்டர் தம்பி யாரோடும் பேசவே மாட்டார். நேற்று லீவு. அவராகவே தன் வீடியோ கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டு, அதோடு இணைத்த கேம் மெஷினையும் கையில் கொடுத்தார். கண்ணெதிரே சுவரளவுத் திரை! அதில் லாரி பாய்ந்து வரவும், பயந்து துள்ளியதில் மேல்கட்டில் கம்பியில் தலை ணங்கென்று இடித்தது.

"அண்ணே, அது கேம்ணே!" என்று விழுந்து விழுந்து சிரித்தவர், ஐஸ் வைத்துவிட்டார். சாப்பாடும் சேர்ந்தே சாப்பிட்டோம். வீக்கம் வடிந்துவிட்டது, கவலைப்படாதே.

அந்தக் கண்ணாடியைப் போனிலும் இணைக்கலாமாம். பாப்பா நடக்க ஆரம்பித்திருப்பதை, போனைப் படுக்கைவாட்டில் பிடித்து வீடியோ எடுத்து அனுப்பு. வீடு கலைந்து கிடக்கிறது என்று சாக்கு சொல்லாதே.

வேலைக்கு வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நீயும் வீடியோவில் வா.

உன்னவன்