நாலாவது பட்டுக் கழி

இன்று காலை பிள்ளையார்பாளையத்துச் சந்தொன்றில் போய்க்கொண்டிருந்தேன். யார் வீட்டிலோ சாயமேறாத பச்சைப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்திருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும். செத்துப்போனவள்மேல் கோபப்படக் கூடாதாம். நான் படுகிறேன்.

கல்லூரியில் ஒன்றாக இயற்பியல் படித்தோம். நான் பள்ளிக்கூட டீச்சரானேன், நீ இன்சூரன்ஸ் ஆபீசில் சேர்ந்தாய். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு வானத்தைப் பற்றிப் பேசினோம். எங்கள் வீட்டுச் சாயப்பட்டறையிலிருந்து முறுக்கிக் கட்டிய மூன்று பட்டு நூல் கழிகளைப் பையில் போட்டுக்கொள்வோம். அளவுமீறிக் கொதித்து நைந்துபோனது வெள்ளிக் கோள். ஆறிப்போன தண்ணீரில் முக்கியதால் சாயம் பிடிக்காமல் வெளிறிக் கிடப்பது செவ்வாய். பதமான சூட்டில் அரக்கு நிறம் ஏறியது பூமி. உயிர் தங்கத் தண்ணீர் மட்டும் போதாது, சூடும் பதமாக இருக்க வேண்டும் என்பது எந்தப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

நாலாவது கழி, உயிருள்ள இன்னொரு உலகம், எங்கேயாவது இருக்கிறதா என்று யாராவது ஒரு குழந்தை கட்டாயம் கேட்கும். அதற்கு நீ சொல்லும் பதிலுக்காகத்தான் நான் உன்னோடு வெயிலில் அலைந்தேன்.

"தெரியாதுமா. தேடிக்கினு இருக்காங்க."

செவ்வாயிலிருந்து வந்து விழுந்த கல்லில் உயிரின் தடம் போல ஏதோ இருக்கிறது என்று தொண்ணூற்றாறாம் வருடம் செய்தித்தாளில் வந்தபோது, 'போல' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, இதை விட்டுவிடாதே என்று சொன்னவளும் நீதான். அன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை.

பிறகு சின்ன காஞ்சிபுரம் கல்யாண மண்டபத்தில் அந்தக் கூட்டம். நமக்குக் காலி நாற்காலிகள்தான் பழக்கம், அன்று நிற்க இடமில்லை. என் வகுப்புப் பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். மூன்று கழிகளையும் காட்டி முடித்துவிட்டு, நீ பையிலிருந்து நாலாவது ஒன்றை எடுத்தாய். மயில்கழுத்து நிறம். அந்தக் கல்லைச் சொல்லி, வேறு உலகத்தில் உயிர் இருப்பது உறுதியாகிவிட்டது, நம் முன்னோர் இதை அன்றே அறிந்திருந்தார்கள் என்றாய். கைதட்டல் ஓயவில்லை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் தம்பி போட்ட சாயம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் சொல்லி, என் வீட்டுப் பட்டறையிலேயே வாங்கிப் போயிருக்கிறாய்.

நான் எழுந்து, இன்னும் எதுவும் உறுதியாகவில்லை என்றேன். நீ மைக்கில் சிரித்தாய்.

"எங்க டீச்சருக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான். வீட்டுல சாம்பாருக்கே ஆதாரம் கேப்பாங்க."

மண்டபமே சிரித்தது. என் பெண்களும் சிரித்தார்கள்.

கழுத்தில் மாலையோடு மேடைக்குப் பின்னால் நின்ற உன்னிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"தெரியாது தெரியாதுன்னு சொல்லிக்கினு இருந்தா நம்மள யாருடி கூப்பிடுவாங்க?" என்றாய்.

மறுநாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "கண்டுபிடிச்சுட்டாங்களாமே டீச்சர். எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க?" பொய் சொன்னவள் நான்தான் என்று அவள் மனதார நம்பினாள். என்ன சொன்னாலும் அந்த முகம் மாறவில்லை.

உனக்கு மேடைகள் பெருகின. அந்தக் கல்லில் கண்டது உயிரின் தடம்தானா என்று விஞ்ஞானிகளே அடித்துக்கொண்டார்கள். ஒரு மேடையிலும் நீ திருத்திச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. உன் சாவுக்கு வந்தேன். ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

தெரியாது என்ற அந்தப் பதிலை நான் இன்னும் விடவில்லை. வகுப்பில் கேட்டால் அதையேதான் சொல்கிறேன். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்துகொண்டிருக்கின்றன. நாளைக்கே ஒன்றில் உயிர் இருப்பது உறுதியாகலாம். அப்போதும் நீ அன்று சொன்னது பொய்தான். அந்தச் செய்தி வரும் நாளில் ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு இந்த ஊரில் ஒரே ஒருத்தி இருந்தாள், 'போல' என்ற சொல்லின்மேல் விரல் வைத்த அந்தப் பழைய நீ. நீ சாவதற்கு வெகுகாலம் முன்பே, அந்த மண்டபத்தில், அவளை என்னிடமிருந்து பறித்துக்கொண்டாய்.