நீங்கள் விட்ட சொட்டு மருந்து

கண் அழுத்தம் குறைய மகள் சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போனாள். கண்ணில் விட்டது சற்று நேரத்தில் தொண்டையில் இறங்கிக் கசக்கிறது. அந்தக் கசப்போடு நீங்களும் வந்துவிடுகிறீர்கள். கண் தெரியாதவள் எப்படி எழுதுகிறாள் என்று கேட்காதீர்கள். நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது.

செலியமேட்டில் அறுப்பு மெஷின் இறங்கினால் நெல் சுணை என் கண்ணில்தான் விழும். தேய்த்துத் தேய்த்துச் சிவந்துவிடும். உடனே பாகூருக்கு வண்டியை விரட்டி, மெடிக்கலில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாங்கி வருவீர்கள். டாக்டர் சீட்டாவது ஒன்றாவது! இடது கையால் என் நெற்றியை அழுத்திப் பிடித்து, "சிமிட்டாத இருடி" என்று விடுவீர்கள். குளுகுளுவென்று இருக்கும். அறுப்பு முடிந்த பிறகும் நிறுத்தவில்லை, வருஷக்கணக்காக. அதுதான் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றி என்னைக் குருடாக்கியது.

வெளிச்சம் உள்ளே சரியாகத்தான் போகிறது, பின்னால் உள்ள திரை அதைச் சேதியாக மாற்றுகிறது, அந்தச் சேதியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புதான் செத்துவிட்டது, அதை மாற்ற முடியாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உங்கள் மண்டையில் ஏறவில்லை.

"அந்தாளுக்கு இன்னா தெரியும்? நான் செத்தா என் கண்ண உனுக்கு வச்சிடுவாங்க" என்றீர்கள். ஊரெல்லாம் சொல்லி வைத்தீர்கள்.

செத்தும் போனீர்கள், வரப்பிலேயே. ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து கண்ணை எடுத்துப் போனார்கள். கருவிழி இரண்டும் யாருக்கோ போயின. அது முன்பக்கத்துக் கண்ணாடிதான். என் கண்ணாடியில் குறையே இல்லை. கருமாதிப் பந்தியில் உங்கள் தங்கை எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

"அண்ணிக்கு எப்போ அண்ணன் கண்ண வைக்கிறாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவி மனுஷா, என் கண்ணையும் கெடுத்து, உங்கள் கண்ணையும் யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனீர்களே.

இப்போது புதுக் கூத்து ஒன்று. சேதி வராத மூளை சும்மா இருக்காதாம், தானே படம் காட்டுமாம். பைத்தியமில்லை, பயப்படாதீர்கள் என்கிறார் டாக்டர். தொப்பி போட்டவர்கள் வருகிறார்கள், முன்பின் தெரியாத குழந்தைகள் வருகிறார்கள். ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்க்கிறேன். நீங்கள் ஒருநாளும் வரவில்லை. உங்கள் முகமே எனக்கு மறந்துகொண்டிருக்கிறது.

நெற்றியை அழுத்தும் அந்த இடது கை மட்டும் அப்படியே இருக்கிறது. அதை எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.