நீங்கள் விட்டுப்போன வயரிங்

எந்தக் கொண்டாட்டத்திலும் என்னைத் தேடிவந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துகொள்ளும் குமரன் மச்சானுக்கு,

உங்கள் கார் ஓடுகிறது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது உங்கள் தங்கை மாலினியின் உத்தரவு. "அண்ணாவுக்கு நீட்டி முழக்கினாப் பிடிக்காது. முதல் விஷயத்தை முதல் சொல்லுங்கோ" என்றாள். சொல்லிவிட்டேன். மற்றதை என் வழக்கப்படி நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

நீங்கள் போன பிறகு நோபல் பார்க்கில் நீங்கள் இருந்த வாடகை வீட்டை ஒப்படைக்க வேண்டியிருந்தது. கட்டில், மேசை, பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தார்கள். கராஜில் இருந்த அந்தக் காரை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நீங்களே குழாய்களை வெட்டி வெல்டிங் செய்த சட்டம், பச்சைப் பெயின்ட், அதன்மேல் ஃபைபர் உடல், கூரையே இல்லாத இரண்டு இருக்கைகள். இன்ஜினைப் பொருத்தியாகிவிட்டது, சக்கரங்களும் பூட்டியாகிவிட்டது. ஆனால் ஒரு விளக்குகூட எரியாது. விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு ஜப்பான் காரை வாங்கி, அதிலிருந்து இன்ஜினையும் மொத்த வயரிங்கையும் உருவி எடுத்தீர்களே, அந்த வயர்க்கட்டு மட்டும் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் சுருண்டு கிடந்தது.

"காரை யாராவது கட்டத் தெரிஞ்சவங்களுக்குக் குடுத்துடலாம்" என்றேன்.

"ஒருத்தருக்கும் குடுக்கேலாது" என்றாள் மாலினி. "வயரிங் மட்டும்தானே மிச்சம். நாங்களே செய்வம்."

வயரிங் மட்டும்தானே. நீங்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் "ரெண்டு வீக்கென்ட் வேலை மச்சான்" என்பீர்கள். வெல்டிங்குக்கு அஞ்சாத மனிதர், பிரேக்கை நீங்களே பூட்டியவர், அந்தத் தொட்டியை மட்டும் ஏன் தொடாமலே வைத்திருந்தீர்கள்? நீங்களும் பயந்துதான் தள்ளிப்போட்டீர்களா? இருக்கும்போது கேட்கத் தோன்றவில்லை.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி ஒருதடவை இழுத்துப் பார்ப்பவன். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருபவன். அலுவலகத்திலும் மென்பொருள் எங்கே உடையும் என்று தேடுவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். "உமக்கு ஏன் எல்லாத்துக்கும் பயம்?" என்று சிரிப்பீர்கள். ஆனால் இந்தமுறை என் பயம் அந்தக் காரைப் பற்றியது மட்டும் இல்லை.

வேலைத்தளத்தில் தேநீர்க் கோப்பையோடு நீங்கள் சாய்ந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டார். மூளையில் ஒரு இரத்தக்குழாய் பலவீனமாகி, பலூன் மாதிரிப் புடைத்து, வெடித்துவிட்டது என்றார். பிறகு மாலினியைப் பார்த்து, இது சில குடும்பங்களில் தொடர்வது உண்டு, கூடப்பிறந்தவர் நீங்களும் ஒருமுறை தலையைப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது என்றார். மாலினி தலையாட்டினாள். எங்கள் குடும்ப டாக்டர் சீட்டும் எழுதித் தந்தார். அவள் போகவில்லை. கேட்டால், "கார் முடியட்டும்" என்பாள்.

அதனால் கார் சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைத்தேன். முடிந்தால் அந்தப் படத்தை எடுக்க வேண்டியிருக்குமே என்று நினைக்கும்போது முடியவே வேண்டாம் என்றும் இருந்தது. இரண்டையும் அவளிடம் சொல்லவில்லை.

காரை ஒரு டிரக்கில் ஏற்றி கிரெய்கிபர்னில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜுக்குக் கொண்டுவந்தோம். வரவேற்பறையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, அதன்மேல் வயர்க்கட்டை நீளமாகப் பரப்பினோம். முன்விளக்கு வரும் இடத்தில் ஒரு செருப்பு, பின்விளக்குக்கு ஒரு குஷன், ஓட்டுநர் இருக்கைக்கு ஒரு உண்மையான கதிரை. பழைய டேப்பை உரித்தால் வயரெல்லாம் கறுப்புப் பசை. யூகலிப்டஸ் தைலத்தைத் துணியில் தொட்டுத் துடைத்தோம். வீடு முழுக்க யாருக்கோ சளி பிடித்த மாதிரி வாசனை.

ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் பேப்பர் டேப்பை ஒட்டிப் பெயர் எழுதினோம். அவள் ஒட்டியதில் "இடது லைற்". நான் ஒட்டியதில் "வலது லைட்". பாதிக் கார் யாழ்ப்பாணம், பாதிக் கார் திருநெல்வேலி. நீங்கள் பார்த்திருந்தால் அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

பழைய கார் உங்களுடையதைவிட நீளம். அதில் பவர் ஜன்னல், ஏசி, ரேடியோ, காற்றுப்பை எல்லாம் இருந்தன. உங்கள் காரில் ஜன்னலே கிடையாது. தேவையில்லாததை எடுக்க வேண்டும், நீளமானதைக் குறுக்க வேண்டும். வரைபடத்தில் விரல் வைத்து ஒவ்வொரு வயராகத் தொடர்ந்து போவோம். கறுப்பில் வெள்ளைக் கோடு ஒன்று, கறுப்பில் மஞ்சள் கோடு ஒன்று. பல வருடம் எண்ணெய் குடித்த வயரில் வெள்ளை எது, மஞ்சள் எது?

"வெட்டுங்கோ" என்பாள்.

"இரு, இன்னொரு தடவ பாத்துக்கறேன்."

"மூண்டு தரம் பாத்தாச்சு."

"தப்பா வெட்டிட்டா என்ன பண்றது?"

"பிறகு ஒட்டுவம். வெட்டுங்கோப்பா."

அவள் குனிந்து வயரைப் பிடித்திருக்கையில் நான் அவள் நெற்றியைப் பார்ப்பேன். அவள் கண்ணைக் கசக்கினால் கை நின்றுவிடும். "தலை வலிக்குதா?" என்று கேட்டுவிடுவேன். "தைலம் கண்ணில பட்டிட்டுது" என்பாள். நீங்களும் கடைசி மாதங்களில் அடிக்கடி மாத்திரை போட்டீர்கள். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றீர்கள். நாங்களும் நம்பினோம். உங்களுக்கு உள்ளுக்குள் ஏதாவது தோன்றியதா மச்சான்?

கோடை வந்தபோது வயரிங் காருக்குள் போய்விட்டது. இருக்கைக்குப் பின்னால் பாட்டரி. அதை ஒரே திருப்பில் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை நான் பிடிவாதமாக வைத்தேன். தீயணைப்பான் ஒன்றும் வாங்கிச் சுவரில் மாட்டினேன். ஒரு சனிக்கிழமை காலை பாட்டரியை இணைத்தோம். விளக்குகள் எரிந்தன. ஹாரன் அடித்தது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாலினி இருக்கையில் ஏறி, தோள் இரண்டையும் இடுப்பையும் இறுக்கும் அந்தப் பந்தயக்கார் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"பெல்ட் எதுக்கு? கராஜுக்குள்ளதானே இருக்கோம்."

"சும்மா. எப்பிடி இருக்கெண்டு பாப்பம்." சாவியைத் திருப்பினாள்.

ஸ்டார்ட்டர் முனகியது. சுற்றுகிறது, ஆனால் கனமாக, உயிரில்லாமல். "இன்னொருக்கா" என்று மறுபடி திருப்பிப் பிடித்தாள். பிளாஸ்டிக் கருகும் வாசனை எனக்குத்தான் முதலில் வந்தது. அடுத்த கணம் அவள் காலடியிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது.

அவள் சாவியை விட்டுவிட்டு பெல்ட்டின் கொக்கியைத் தேடினாள். அது கிடைக்கவில்லை. "கழறுதில்லை" என்றாள். கத்தக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். என் கால் நகரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மூச்சு இருக்கலாம், எனக்கு அது முடியவே இல்லை. பிறகு எப்படியோ சுவிட்சைத் திருப்பியிருக்கிறேன். கொக்கியை அமுக்கி, அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே இழுத்திருக்கிறேன். புகை தானாகவே மெலிந்தது. தீ வரவில்லை. தீயணைப்பானைப் பிடித்தபடி நான் நின்றேன், அதன் குழாய் என் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

வெளியே காங்கிரீட்டில் உட்கார்ந்தோம். வெயில் சுட்டது. மாலினி என் கையிலிருந்து தீயணைப்பானை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஒண்டும் ஆகேல்லைத்தானே. ஒரு வயர்தான் எரிஞ்சிருக்கும். ஏன் இப்பிடி நடுங்குறியள்?"

"காருக்காக நடுங்கல மாலினி."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ தூங்கும்போது மூச்சு வருதான்னு பாக்கறேன். நீ போனை எடுக்கலன்னா ஆபீஸ்ல உக்கார முடியல. அந்தப் படத்த எடுத்துடு. என்ன இருக்குன்னு தெரிஞ்சா அதுக்குப் பயந்துக்கலாம். இப்ப எல்லாத்துக்கும் பயமா இருக்கு."

தெருவில் யாரோ குப்பைத்தொட்டியை இழுத்துப் போனார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அவள் தரையையே பார்த்தாள்.

"எனக்கும் பயம்தானப்பா" என்றாள். "கார் முடியட்டும் எண்டு சும்மா சொன்னனான். அந்த மெசினுக்குள்ள படுத்தா அண்ணா படுத்திருந்தது ஞாபகம் வரும். அதாலதான் போகேல்லை." பிறகு, "திங்கள் போன் எடுத்து நாள் கேட்பம்" என்றாள்.

எரிந்தது ஆக்சிலரேட்டர் கேபிள் மச்சான். ஸ்டார்ட்டருக்குப் போகும் அவ்வளவு மின்சாரமும் இன்ஜினிலிருந்து பாட்டரிக்குத் திரும்பி வர ஒரு தடித்த எர்த் வயர் வேண்டும். நான் அதைப் பூட்டித்தான் இருந்தேன். ஆனால் உங்கள் அழகான பச்சைப் பெயின்ட்டின் மேலேயே பூட்டியிருந்தேன். உலோகத்தோடு உலோகம் தொடவில்லை. திரும்ப வழி கிடைக்காமல், காலடி மிதியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் அந்த மெல்லிய கம்பி வழியாக மின்சாரம் ஓடியிருக்கிறது. கம்பி பழுத்து, அதன் பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டிக்கொண்டது. அது ஓட்டும்போது ஒட்டியிருந்தால் காலை எடுத்தாலும் கார் வேகம் குறைந்திருக்காது. இதை மாலினியிடம் அன்று சொல்லவில்லை. மறுநாள் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

பெயின்ட்டை வெறும் இரும்பு தெரியச் சுரண்டினோம். புதுக் கேபிள் போட்டோம். ஃபைபர் உடலில் மின்சாரம் ஓடாது என்பதால் விளக்குகளுக்கெல்லாம் போட்டிருந்த எர்த் வயர்களை ஒவ்வொன்றாக மறுபடி சோதித்தோம். அந்த வாரக் கடைசியில் இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. மாலினி பெல்ட் போடாமல்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் இன்ஜினை நிறுத்தவே இல்லை. சத்தத்தில் அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை.

தலையைப் படம் எடுத்தோம். அவள் உள்ளே படுத்திருந்தபோது நான் வெளியே உட்கார்ந்து உங்களிடம்தான் பேசினேன். சாமியிடம் பேசப் பயமாக இருந்தது.

இருக்கிறது மச்சான். மிகச் சிறிய புடைப்பு. டாக்டர் திரையில் காட்டினார், காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை. இந்த அளவுக்கு இப்போது கை வைக்க வேண்டாம், இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், வருடம் ஒருமுறை படம் எடுத்து வளர்கிறதா என்று பார்ப்போம் என்றார். மாலினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், கார் ஓட்டலாமா என்று. தாராளமாக என்றார்.

ஓட்டினாள். வீட்டில் கட்டிய காரைப் பதிவு செய்யும் முன் சோதிக்கும் பொறியாளரின் பட்டறைக்கு, தற்காலிக அனுமதி வாங்கி, அவளே ஓட்டிக்கொண்டு போனாள். நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரங்கள் என் காதுக்கு நேரே சுற்றின. நான் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, புகை வாசனை வருகிறதா என்று மூக்கால் தேடிக்கொண்டே வந்தேன். பொறியாளர் காருக்குக் கீழே படுத்து வயரிங்கை நெடுநேரம் பார்த்தார். ஒரு இடத்தில் வயர் உரசுகிறது, இன்னொரு கிளிப் போடு என்றார். வேறு குறை சொல்லவில்லை. இப்போது நம்பர் பிளேட்டும் வந்துவிட்டது.

சுகமாக இருக்கிறோம் என்று எழுத ஆசை. மாலினி இருக்கிறாள். இப்போதும் அவள் தூங்கும்போது மூச்சைப் பார்க்கிறேன். அவளுக்கும் தெரியும், சில நேரம் கண்ணைத் திறக்காமலே "இருக்கிறன்" என்கிறாள். எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிந்தால் பயம் சின்னதாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அதை இரண்டு பேருமாகச் சுமக்கிறோம், அவ்வளவுதான்.

உங்கள் காரை நான் இன்னும் ஓட்டவில்லை. சாவியை அவள் நீட்டும்போதெல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடுத்த படம் எடுக்கும் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு அவளை அதில்தான் கூட்டிப்போவேன். போகும்போதும் நான்தான் ஓட்டுவேன், டாக்டர் என்ன சொன்னாலும் திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டுவேன். கை நடுங்கும். நடுங்கினாலும் உங்கள் தங்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன்.

என்றும் உங்கள் தங்கையின் பக்கத்திலிருக்கும்,
உங்கள் மச்சான் செல்வம்