கிண்ணம் காலியாகும் நாள்

லாகோஸ்
பிப்ரவரி 9

அன்புள்ள எக்கனெம் மதினிக்கு,

அஃபியோங் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் ஊர்க் கடைக்காரன் போனுக்குக் கூப்பிட்டால் கடையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். அதனால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் என் வயிற்றை வெட்டிச் சின்னதாக்கிவிட்டார்கள். கத்தியைப் பார்த்தாலே எனக்குப் பயம், உங்களுக்குத் தெரியும். ஆனால் மகள் உதுவாக் விடவில்லை. "அப்பாவுக்குச் சர்க்கரையில காலு போச்சு, அப்புறம் ஆளே போயாச்சு. உனக்கும் அதே சர்க்கரை. இன்னொரு சவப்பெட்டி வாங்க என்னால ஆகாதும்மா" என்றாள். சரி என்று போய்ப் படுத்துவிட்டேன்.

இப்போது என் வயிறு கோழிமுட்டை அளவுதான் என்கிறார்கள். கொஞ்சம் மீனைக் கூழாகும்வரை மென்று விழுங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சில் கல் மாதிரி நிற்கும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. தலைமுடி கொட்டுகிறது. எப்போதும் குளிர்கிறது. சர்க்கரை ஊசி நின்றுவிட்டது, அது ஒன்று நல்லது.

முன்பெல்லாம் அழுகை வந்தால் ஏதாவது சாப்பிடுவேன் மதினி. இவர் போன பிறகும் அப்படித்தான் இருந்தேன். இப்போது அழுகை வந்தால் அழத்தான் வேண்டியிருக்கிறது.

உங்கள் அஃபியோங்


எசுக் இதொங்
மார்ச் 1

அஃபியோங்,

உன் கடிதத்தைப் படகுக்காரன் கொண்டுவந்தான். கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

யாரைக் கேட்டு வெட்டினாய்? கல்யாணத்துக்கு முன் பெண்ணைக் கொழுக்க வைக்கிற ஊட்டும் அறையில் நீ இருந்தபோது உனக்கு ஊட்டியது யார்? என் அம்மாவும் நானும். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. குச்சி மாதிரி வந்தாய். கழுத்தில் மடிப்பு விழுந்த பிறகுதான் வெளியே விட்டோம். நீ நடந்து வந்ததைப் பார்த்து என் தம்பி, "அக்கா, இந்தக் கப்பல் நம்ம வீட்டுத் துறைக்கா வருது?" என்று கேட்டான். ஊரே சிரித்தது. அந்தக் கப்பலைத்தான் நீ உடைத்துப் போட்டிருக்கிறாய்.

ஜூனில் என் தம்பி செத்து வருஷம் முடிகிறது. நம் வீட்டு வழக்கம் மறந்துபோயிற்றா? துக்கத்துக்குக் கட்டிய கறுப்பைக் கழற்றும் நாளில் எல்லோருக்கும் முன்னால் நான் உனக்கு ஊட்ட வேண்டும். கிண்ணம் காலியாக வேண்டும். மீதம் வைத்தால் செத்தவனுக்கு மனக்குறை என்று அர்த்தம். அப்புறம் அவன் பக்கத்தில் உன்னைப் புதைக்க இடம் கிடையாது. எங்கள் சின்னம்மா மீதம் வைத்தாள், அவளைப் பிறந்த ஊருக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கிண்ணம் எவ்வளவு பெரியது என்று உனக்கே தெரியும்.

புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் இந்த வீட்டு வழக்கத்தைக் காப்பாற்றுகிறவள் நான். உனக்காக அதை மாற்ற என்னால் முடியாது.

எக்கனெம்


லாகோஸ்
மார்ச் 17

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் திட்டியது எல்லாம் சரி. ஊட்டியது நீங்கள்தான், நான் மறக்கவில்லை.

பழகிப் பார்ப்போம் என்று நேற்று மரவள்ளிக் களி கிண்டினேன். கை பழைய ஞாபகத்தில் இவருக்கும் சேர்த்து எடுத்து வைத்துவிட்டது. ஒரு உருண்டையை விழுங்கினேன். நெஞ்சிலேயே நின்றுவிட்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. வாயெல்லாம் எச்சில் ஊறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் எல்லாம் வெளியே வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வந்து, "என்ன, மாசமா இருக்கியா?" என்று கேட்டாள். ஆளைப் பாருங்கள். சந்தையில் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். ஒருத்தி "எய்ட்ஸா?" என்கிறாள், இன்னொருத்தி "புது ஆளுக்காக இளைச்சிட்டா" என்கிறாள். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மதினி, எனக்கு வேறெதுவும் வேண்டாம். வீடு வேண்டாம், தோப்பு வேண்டாம். அவர் பக்கத்தில் அந்த இடம் மட்டும் வேண்டும். கிண்ணத்தில் கொஞ்சமாகப் போடக் கூடாதா? வீட்டுக்கு மூத்தவர் எடெம் பெரியப்பாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

அஃபியோங்


எசுக் இதொங்
ஏப்ரல் 6

அஃபியோங்,

எடெம் பெரியப்பாவிடம் கேட்டேன். "கிண்ணம் கிண்ணந்தான், அதைச் சுரண்டிச் சின்னதாக்க அது என்ன வயிறா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அப்புறம் ராத்திரியெல்லாம் யோசித்தேன். வயிறு சின்னது என்றால் சோற்றையும் சின்னதாக்கிவிட்டால் போயிற்று! கீரை, ஆற்று நத்தை, கருவாடு, பனை எண்ணெய் எல்லாம் போட்டு ஒரு பெரிய பானை குழம்பு வைத்தேன். அதை ஒரு டப்பா அளவுக்குச் சுண்டவிட்டேன். இன்னொரு டப்பாவில் சோளக் கஞ்சி, தேனும் சர்க்கரையும் கலந்து பாகு மாதிரிக் கெட்டியாகக் காய்ச்சியது. ஒரு பானையின் சத்து ஒரு கரண்டியில் இருக்கிறது. பஸ்காரனிடம் ஐஸ் வைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இதைச் சாப்பிட்டுத் தேறு. உடம்பு தேறினால் வயிறும் விரியும். வேறொருத்திக்கு இப்படிச் செய்வேனா, நீயே சொல்.

எக்கனெம்


லாகோஸ்
ஏப்ரல் 15

அன்புள்ள மதினிக்கு,

உதுவாக் போனில் பேசியது உங்களை நோகடித்திருக்கும். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

டப்பாவைத் திறந்ததும் நம் அடுப்படி வாசனை. இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போல இருந்தது. ஒரு கரண்டி சாப்பிட்டேன். இனிப்பும் எண்ணெயும் எனக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். தெரிந்துதான் இன்னொரு கரண்டி எடுத்தேன். அப்புறம் கஞ்சியையும் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. வேர்வை கொட்டியது. வயிற்றைப் பிசைந்து கண் இருட்டிவிட்டது. உதுவாக் வேலையிலிருந்து வந்தபோது குளியலறைத் தரையில் கிடந்தேன். அவள் பயத்தில் டப்பாக்களைக் குப்பையில் எறிந்துவிட்டுக் கடைக்குப் போன் போட்டுவிட்டாள். நான் தடுக்கும் முன்னால் பேசி முடித்துவிட்டாள்.

நீங்கள் சத்து என்று நினைத்தது இப்போது எனக்கு அடி. குறை உங்கள் கையில் இல்லை. இந்த வயிறு உங்களுக்குத் தெரிந்த வயிறு இல்லை, அவ்வளவுதான்.

அஃபியோங்


எசுக் இதொங்
மே 3

அஃபியோங்,

கடைக்காரன் போனைச் சத்தமாக வைத்துத்தான் என் கையில் கொடுப்பான். உன் மகள், "விஷம் வச்சு அனுப்பினியா அத்தை? அப்பா செத்தது போதாதா?" என்று கத்தினாள். கடையில் அவ்வளவு பேர். போனை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்துக்கு நான் கொண்டுபோன சட்டியை ஒருவரும் தொடவில்லை. மூடியைக்கூடத் திறக்கவில்லை. அப்படியே தலையில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன். "தம்பி பொண்டாட்டியையே முடிக்கப் பாத்தவ" என்கிறார்கள். இத்தனை வருஷம் இந்த ஊரில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நான் சமைக்கவில்லை?

இனி இது உன் இடத்தைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. நீ வர வேண்டும். எல்லோர் கண் முன்னாலும் என் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும். கிண்ணம் காலியாக வேண்டும். நீ மீதம் வைத்தால் உனக்கு இடம் போகும், எனக்குப் பேர் போகும். வாந்தி எடுத்தாயானால் என்னை அன்றைக்கே உயிரோடு புதைத்துவிட்டுப் போ.

உன் மகளை மன்னிக்கவில்லை.

எக்கனெம்


லாகோஸ்
மே 20

மதினிக்கு,

வருகிறேன். உதுவாக் வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். இருந்தும் வருகிறேன்.

குழம்பில் சர்க்கரை வேண்டாம். எண்ணெய் பேருக்கு. களி வேண்டாம், மீனை முள் எடுத்து மசித்துப் போடுங்கள். ஒரு வாய் கொடுத்தால் நான் கண்ணால் காட்டும்வரை அடுத்த வாய் கொடுக்காதீர்கள். மூன்று வாய் சாப்பிடுவேன். நாலாவது வாய் எனக்குள் போனால் எல்லாமே வெளியே வரும், உங்கள் பேரும் அதோடு போகும். கிண்ணத்தைப் பற்றி எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. நிறுத்த வேண்டியது உங்கள் கைதான்.

அஃபியோங்


லாகோஸ்
ஜூன் 30

அன்புள்ள மதினிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சடங்குக்கு மறுநாள் விடியற்காலை ஆற்றில் நீர் ஏறியதும் படகு கிளம்பிவிட்டதால் உங்களிடம் பேச முடியவில்லை. நீங்கள் என்னை முறைத்தது மனதில் கிடந்து உறுத்துகிறது. அவ்வளவு பேர் அழுகிற இடத்தில் நான் ஏன் சிரித்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் வாயை வாங்கிக்கொண்டு நான் மென்றுகொண்டே இருந்தேனே, அப்போதே ஆம்பளைகள் முனக ஆரம்பித்துவிட்டார்கள். "இந்நேரம் ஒரு கோழிக்கே இறகு பிடுங்கி முடிச்சிருக்கலாம், ஒரு வாய் இறங்கல" என்றார் எடெம் பெரியப்பா. நீங்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூன்றாவது வாய் இறங்கியதும் நான் தலையை ஆட்டினேன். உங்கள் கை கிண்ணத்திலேயே நின்றது. நாலாவது வாயை எடுத்துவிடுவீர்களோ என்று எனக்கு உயிர் போய் வந்தது.

"ஊட்டு எக்கனெம்! கிண்ணம் நிறைய இருக்கே!" என்று பெரியப்பா சத்தம் போட்டார். நீங்கள் எடுத்து உங்கள் வாயில் போட்டுக்கொண்டீர்கள். "அவன் வெளிய வந்த வயித்துலருந்துதான் நானும் வந்தேன். இந்தக் கிண்ணத்துல எனக்குப் பங்கு இல்லைன்னு எவன் சொல்றான்? விஷம்னா நானுந்தானே சாகணும்?" என்று கேட்டுவிட்டு, அத்தனையையும் வழித்துச் சாப்பிட்டீர்கள். கடைசியில் விரலையும் நக்கிவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினீர்கள்.

நீங்கள் முன்னால் இருந்தீர்கள். எனக்குப் பின்னால் பொம்பளைகள் பேசியது உங்களுக்குக் கேட்டிருக்காது. ஒருத்தி கேட்டாள்: "ஏடி, கிண்ணத்த காலி பண்ணினது அக்காவாச்சே, அப்ப தம்பி பக்கத்து இடம் யாருக்கு? பொண்டாட்டிக்கா, அக்காவுக்கா?" இன்னொருத்தி சொன்னாள்: "ரெண்டு பேருந்தான் படுக்கட்டுமே. அவதான் இப்ப தொடப்பக்குச்சி மாதிரி ஆயிட்டாளே, எவ்வளவு இடம் அடைச்சிடப் போறா?"

அதற்குத்தான் சிரித்தேன். இவர் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

யோசித்துப் பார்த்தேன் மதினி. எனக்குச் சம்மதம். ஓரத்தில் படுத்துக்கொள்வேன். உங்களுக்கு எப்படி என்று எழுதுங்கள்.

உங்கள் அஃபியோங்