டஃபரின் ஸ்ரேசனில் எனக்கு யாரும் சல்யூட் அடிக்கவில்லை

மல்வேர்ன், ரொறன்ரோ
9.11.1997

என் அன்பு மகள் சாம்பவிக்கு,

மல்வேர்னின் முடிசூடா மன்னனும் பதினோராம் மாடியின் ஏகச் சக்கரவர்த்தியுமான உன் சித்தப்பன் சுகம், அவனுடைய முழங்கால் வலி அவனைவிடச் சுகம். ஜப்பானில், அந்த நகோயாவில் நீயும் நோய்நொடியில்லாமல் இருக்க எல்லாத் தெய்வங்களையும் அதட்டி வைத்திருக்கிறேன். உன் கடிதத்தை வாசித்து உன் அம்மா அழுத அழுகையில் ஒன்ராறியோ ஏரி இரண்டடி உயர்ந்துவிட்டது. பிள்ளையை வரச் சொல்லுங்கோ தம்பி, உந்த இங்கிலிஷ் படிப்பிக்கிற வேலை இஞ்சையும் கிடைக்கும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறா. நீயும் வரட்டோ என்றுதானே கேட்டிருக்கிறாய்.

நான் மூன்று தரம் வாசித்தேன். இங்கே நிலத்தடி றெயிலுக்கு ஒரு ரோக்கன் போட்டால் கென்னடியில் இருந்து கிப்ளிங் வரை, ஒரு அந்தத்தில் இருந்து மற்ற அந்தம் வரை போகலாம், அந்த நினைப்பில் நீ அங்கே கிட்டத்து ரிக்கற்றோடு தூரத்து ஸ்ரேசனில் இறங்கியிருக்கிறாய். ரிக்கற் வாசல் கதவு படாரென்று மூட, தொப்பி போட்ட ஒருவர் ஓடிவர, நீ பாஸ்போர்ட், வேலை அட்டை, பள்ளிக்கூடக் கடிதம் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாய். அவரோ குனிந்து குனிந்து ரிக்கற்றை மட்டும் கேட்டிருக்கிறார். ஊரைவிட்டு வந்து பத்து வருசமாகியும் ஆமிச் சென்றியில் அட்டை நீட்டின பயம் போகவில்லையே என்று வெட்கப்பட்டு, அன்றிலிருந்து நிலத்துக்குக் கீழே இறங்காமல் ஒரு மணித்தியாலம் நடந்து வேலைக்குப் போகிறாய்.

இனி எழுதுவது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. பார்க்டேலில் இருந்த காலத்தில், டஃபரின் ஸ்ரேசனில் ரோக்கன் விற்கிற கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த வெள்ளைக்காரர் என்னைக் கண்டதும் எழும்பிச் சல்யூட் அடித்தார் என்று எத்தனை பிறந்தநாள் கொண்டாட்டத்தில் சொல்லியிருப்பேன்! பிறகு றெயில் றைவரையும் சேர்த்தேன், போன வருசம் ஒரு மந்திரியையும் சேர்த்துவிட்டேன். பிள்ளை, ஒருத்தரும் அடிக்கவில்லை. அவருடைய யூனிபோம் சட்டையைக் கண்டதும் நான் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், ஊர் விதானையார் தந்த நற்சான்றுக் கடிதம், நெஞ்சு எக்ஸ்ரே வரைக்கும் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன். அவர் எல்லாவற்றையும் திருப்பித் தள்ளி, உள்ளே போ என்று கை காட்டினார். நான் வெளியே ஓடிவந்து வீடுவரை நடந்தேன். பிறகு ஐந்து மாதம், உடம்புக்கு நல்லது என்று பெருமையடித்துக்கொண்டு, நடந்தே சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பை கழுவப் போனேன்.

அந்த மாசிப் பனியில் நீயும் அம்மாவும் வந்திறங்கினீர்கள். ஒரு அறை, ஒரு மெத்தை, அது என்ன அருமையான காலம்! உனக்குப் பதின்மூன்று வயது. நிலத்துக்குக் கீழால ஓடுற றெயில் பாக்கவேணும், வாங்கோ சித்தப்பா என்று மூன்றாம் நாளே என் கோட்டைப் பிடித்து இழுத்தாய். படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன், குளிர் என்றேன். கூட்டுக்குள் அதே மனிதர். நீ கையசைத்தாய், அவரும் அசைத்தார், உள்ளே போய்விட்டோம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன வீரன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. கூட்டிக்கொண்டு போனது நீதான் மகள்.

வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். உன்னை மறித்த அந்த ஸ்ரேசனுக்குள் ஒருதரம் இறங்கி ஏறிவிட்டு முடிவெடு. எது எடுத்தாலும் அம்மாவைச் சமாளிப்பது என் பொறுப்பு. கம்பளிக் காலுறை இரண்டு சோடி போடு, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அம்மாவினதும் என்னுடையதும் ஆசீர்வாதம் உன் உச்சந்தலைக்கு. அந்த ஸ்ரேசனுக்கு எத்தனை வாசலோ எனக்குத் தெரியாது, நீ எந்த இலக்க வாசலால் மேலே வந்தாய் என்று மட்டும் மறக்காமல் எழுது.

உன் அப்பாவின் இடத்தில் நிற்கும்
சித்தப்பன்
விநாயகமூர்த்தி