தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்

களமருதூர்,
புரட்டாசி, புதன்கிழமை.

அன்புள்ள சந்தியா அப்பாவுக்கு,

அம்சவள்ளி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் ராணுவ முகாமில் சிக்னல் கிடையாது என்று தெரிந்தும் தினம் ஒரு முறை போன் போட்டுப் பார்த்துவிடுகிறேன். கிணற்று மோட்டார் சரியாகிவிட்டது. சந்தியாவுக்கு முன்பல் விழுந்து, சிரித்தால் உங்கள் அம்மா மாதிரியே இருக்கிறாள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, சனிக்கிழமை போய்வந்துவிட்டோம். கரும்பலகையில் நான் எவ்வளவு வரைந்தாலும் ஆறு என்பது அவர்களுக்கு ஒரு நீலக் கோடுதான். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஓடையில் இறங்கி, அது இன்னொரு ஓடையோடு சேரும் இடம்வரை நடந்தோம். மேலே எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் இங்கேதான் வந்து சேருமா என்று பாரதி கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அப்பா அம்மாசி கரும்பு வெட்டுகிறவர். மகளைத் தனியே அனுப்ப மனசில்லாமல், அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தார்.

திரும்பும் வழியில் ஒரு தரைப்பாலம். காலையில் காய்ந்து கிடந்தது, இப்போது அதன்மேல் தண்ணீர் ஓடியது. எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். தூரத்து மலைமேல் மட்டும் வானம் கறுத்திருந்தது. வேன் ஓட்டிவந்த பொன்னுரங்கம், “இன்னா டீச்சர், கணுக்கால் தண்ணி. இதுக்குப் போயி நிப்பாங்களா? ஒரே மிதி, தாண்டிடலாம்” என்றார். பிள்ளைகளுக்குப் பசி. பெற்றவர்கள் காத்திருப்பார்களே என்று எனக்கும் மனசு ஊசலாடியது.

பாரதி இறங்கிப்போய்த் தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுக் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். “டீச்சர், கல்லு முழுகிடுச்சி. மேல மழ பெஞ்சிக்கினு இருக்குது, இன்னும் வரும்” என்று கத்தினாள். போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அம்மாசி வேனுக்கு முன்னால் போய் நின்றார். “டீச்சர் வாணாம்னு சொல்றாங்க இல்ல? சாவிய எடுங்க” என்றார்.

சற்று நேரத்தில் இரைச்சல் கேட்டது. செந்தண்ணீர் கிளைகளையும் புதரையும் இழுத்துக்கொண்டு வந்தது. பாலம் இருந்த இடமே தெரியவில்லை. பொன்னுரங்கம் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய், தன் வீட்டுக்கு வாங்கிவைத்திருந்த முறுக்கைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். தண்ணீர் வடியும்வரை பிள்ளைகள் மணலில் விரலால் ஆறு வரைந்தார்கள். இந்த முறை ஒரே கோடு இல்லை, மரம்போல எத்தனையோ கிளைகள்.

விளக்கு வைத்த பிறகுதான் ஊர் வந்தோம். பள்ளி வாசலில் பெரிய கூட்டம். இனி யாரும் வகுப்பை விட்டு வெளியே போகக்கூடாது என்று தலைமை ஆசிரியர் கோபப்பட்டார். அம்மாசிதான் எல்லோருக்கும் நடந்ததைச் சொன்னார். “தண்ணி வர்றத இதுங்களே கண்டுபுடிச்சிச்சிங்க. அதனாலதான் முழுசா வந்து நிக்கிறோம். அடுத்த வருசம் என் சின்னப் பொண்ணையும் இவங்க கூட்டிக்கினு போவணும்” என்றார். திங்கட்கிழமை தலைமை ஆசிரியரே கூப்பிட்டு, அடுத்த முறை மழை இல்லாத மாதமாகப் பார்க்கச் சொன்னார். எனக்கு அது போதும்.

மண்சரிவால் உங்கள் பக்கம் பாதை அடிக்கடி மூடிக்கொள்கிறது, விடுமுறை தள்ளிப்போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். தீபாவளிக்குள் எப்படியாவது வந்துவிடுங்கள் என்று நான் பதில் போட்டிருந்தேன். அந்த ‘எப்படியாவது’ வேண்டாங்க. பாதை சரியாகிவிட்டது என்று நன்றாகத் தெரிந்த பிறகு வண்டி ஏறுங்கள். பண்டிகை போனால் போகட்டும். நின்று, நிதானமாக, நல்லபடியாக வந்து சேருங்கள்.

என்றும் உங்கள்,
அம்சவள்ளி